சென்னிமலை அண்ணனின் தீட்டா அலை

ஜூன் 18, 2025 – புதன்

ஹெட்பேண்டு வந்துவிட்டது. ஆறு வாரம் இழுத்தடித்த பார்சல். கல்லூரி வாசலில் செக்யூரிட்டி அதை என் கையில் கொடுத்துவிட்டு, "தலவலிக்குக் கட்டறதுங்களா மேடம்?" என்றார். கட்டினால்தான் தலைவலி வரும் என்றேன்.

கறுப்பாக, சாதாரண நாடா மாதிரிதான் இருக்கிறது. நெற்றியில் இரண்டு, காதுக்குப் பின்னால் இரண்டு என நான்கு மின்முனைகள். போனில் ஆப் திறந்தால் மூளையின் மின்சாரம் கோடு கோடாக ஓடுகிறது. பதினான்கு வருடமாகக் கரும்பலகையில் எழுதிப்போட்டதுதான்: விநாடிக்கு நான்கு முறைக்குக் குறைவாக ஏறி இறங்கினால் டெல்டா, ஆழ்ந்த தூக்கம். நான்கிலிருந்து எட்டு தீட்டா, கண் சொக்கும் நேரம். எட்டிலிருந்து பன்னிரண்டு ஆல்ஃபா, கண்ணை மூடிச் சும்மா இருக்கும்போது. அதற்கு மேல் முப்பது வரை பீட்டா, விழித்து வேலை பார்க்கும்போது. அதையும் தாண்டினால் காமா. எழுதிப்போட்டேனே தவிர ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை.

இன்று பார்த்தேன். கண்ணை மூடினால்தான் ஆல்ஃபா வரும், மூடினால் திரையைப் பார்க்க முடியாது. அதனால் பதிவுசெய்துவிட்டுப் பிறகு பார்த்தேன். கண்ணை மூடிய இடத்தில் சரியாகப் பத்தாவது எண்ணுக்கு மேல் ஒரு குட்டி மேடு. என் மூளை! லேபில் யாரும் இல்லாததால் கொஞ்சம் குதித்துக்கொண்டேன்.

ஜூன் 21 – சனி

கண் சிமிட்டினால் டெல்டா எகிறுகிறது. பல்லைக் கடித்தால் பீட்டா. இன்று சாயங்காலம் காமா தாறுமாறாக ஏறி, நான் மிக உயர்ந்த மனநிலையில் இருப்பதாக ஆப் பாராட்டியது. வாயில் இருந்தது ஆட்டையாம்பட்டி கை முறுக்கு.

ஆக, கண்ணும் தாடையும் செய்வதையெல்லாம் மூளையின் தலையில் கட்டிவிடுகிறது இந்தக் கருவி. அலைகளைப் பிரித்தறிவதில் பாதி வேலை, மூளை அல்லாததைக் கண்டுபிடித்துத் தள்ளுவதுதான். திரையின் மூலையில் நான்கு புள்ளிகள் உண்டு. மின்முனை தோலில் ஒழுங்காகப் படிந்தால் பச்சை, இல்லையென்றால் ஆரஞ்சு. வியர்வை, எண்ணெய், பவுடர் எதுவும் இருக்கக் கூடாது. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டுத்தான் கட்ட வேண்டும். சிவப்பு மையில் எழுதி வைக்கிறேன்.

ஜூன் 24 – செவ்வாய்

துறைத் தலைவர் கூப்பிட்டார். இந்த வருடமும் ஆய்வுக் கட்டுரை வரவில்லையென்றால் என் பதவி உயர்வுக் கோப்பை அவர் மேலே அனுப்ப மாட்டாராம். "ரியல் வேர்ல்டு டேட்டா வேணும்மா. ஸ்டூடண்ட்ஸ் தலையிலயே எத்தன நாளைக்குக் கட்டிப் பாப்பீங்க?"

சாயங்காலம் அண்ணனிடமிருந்து போன். பூபதி அண்ணன்தான் அப்பாவுக்குப் பிறகு நாமக்கல்லில் எங்கள் ஐந்து லாரிகளையும் பார்த்துக்கொள்கிறார். போன மாதம் தெரிந்தவர் ஒருவரின் வண்டி, டிரைவர் கண்ணசந்து சென்டர் மீடியனில் ஏறிவிட்டது. அதிலிருந்து அண்ணனுக்கு நிம்மதியே இல்லை.

"ஏம் பாப்பா, உன்ற மிஷினு தூங்கறவனக் கண்டுபுடிக்குமா?"

கண்டுபிடிக்கும் என்றேன். தீட்டா, டிரைவர்கள், கட்டுரை – எல்லாம் ஒரே நொடியில் மனதில் கோத்துக்கொண்டது.

ஜூலை 11 – வெள்ளி

இன்று அண்ணனின் ஷெட்டில் ஐந்து டிரைவர்களுக்கும் பார்த்தேன். சுவரில் ஒரு கறுப்புப் புள்ளி வரைந்து, கண் திறந்து பத்து நிமிடம் அதையே பார்க்க வேண்டும். பிறகு இரண்டு நிமிடம் கண்ணை மூட வேண்டும். நான்கு பேர் முகம் கழுவி வந்தார்கள். பஞ்சால் துடைத்துக் கட்டினேன். நான்கு பேருக்கும் அழகாக, புத்தகத்தில் இருப்பதுபோலவே வந்தது.

கடைசியில் சென்னிமலை அண்ணன். ஐம்பத்தைந்து வயது, அப்பா காலத்திலிருந்து எங்கள் வண்டி ஓட்டுகிறவர். வெள்ளிக்கிழமை பூஜையை எப்போதும் அவர்தான் போடுவார். டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, குளித்த ஈரம் காயாத தலையும், நெற்றி நிறைய மூன்று விரல் திருநீறுமாக வந்து உட்கார்ந்தார்.

துடைக்கச் சொல்ல வேண்டும். வாய் வரவில்லை. பூஜை போட்ட கையோடு வண்டியெடுக்கப் போகிற மனிதரிடம், நெற்றியை அழியுங்கள் என்று பெண்பிள்ளை நான் சொல்வதா? அவரே கேட்டார்: "இத அழிக்கோணுமுங்களா டீச்சரம்மா?"

"இருக்கட்டுங்கண்ணா, பரவால்ல" என்றேன்.

நெற்றிப் புள்ளிகள் இரண்டும் ஆரஞ்சு. கண் திறந்திருக்கும்போதே தீட்டா மற்றவர்களைவிட மூன்று மடங்கு. என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பூபதி அண்ணன், "இதென்ன பாப்பா இத்தன ஒசரம்?" என்றார்.

"தீட்டா. தூக்க அலை" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

சென்னிமலை அண்ணன் சிரித்தார். "நேத்து நல்லாத்தானுங்க தூங்குனேன்."

ஜூலை 12 – சனி

வரைபடத்தைப் பார்க்கப் பார்க்கச் சந்தோஷம். நான்கு கோடு அடங்கி ஓட, ஒன்று மட்டும் தனியே நிமிர்ந்து நிற்கிறது. கட்டுரைக்கு இதைவிட என்ன வேண்டும்.

ஆரஞ்சுப் புள்ளி? ஒருமுறை மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். அடுத்த வாரம்.

ஜூலை 16 – புதன்

பூபதி அண்ணன் சென்னிமலை அண்ணனை வண்டியிலிருந்து இறக்கிவிட்டார். இனி ஷெட்டில் டயரும் தார்ப்பாயும் பார்த்துக்கொள்வாராம். சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டாராம்.

"உன்னாலதான் பாப்பா பெரிய விபத்தொண்ணு தப்புச்சுது" என்றார் அண்ணன் போனில்.

இன்னொருமுறை பார்க்கலாம் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தேன். வகுப்புக்கு மணி அடித்துவிட்டது. – இல்லை, அது சாக்கு; மணி அடித்து வெகுநேரம் ஆகியிருந்தது.

ஜூலை 27 – ஞாயிறு

கட்டுரை அனுப்பியாயிற்று. செய்முறைப் பகுதியில் "மின்முனைகள் அனைத்தும் சரியாகப் படிந்திருந்தன" என்று ஒரு வரி. எல்லாக் கட்டுரையிலும் இருக்கும் வரிதான்.

ஆகஸ்ட் 3 – ஞாயிறு, ஆடிப் பதினெட்டு

அண்ணன் வீட்டில் விருந்து. சாப்பிட்டுவிட்டு ஷெட்டுப் பக்கம் போனேன். போயிருக்கக் கூடாது. சென்னிமலை அண்ணன் தார்ப்பாயில் ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து நின்றார். எனக்கு எதற்கு எழுந்து நிற்கிறார்?

"டீச்சரம்மா, மிஷினு பொய் சொல்லாதுங்களே?"

"சொல்லாதுங்கண்ணா."

"அப்ப நாந்தானுங்க இத்தன நாளு கவனிக்காம உட்டுட்டனாட்ட இருக்குது" என்றார். குரலில் கோபம் துளியும் இல்லை. திரும்பி வரும் வழியெல்லாம் காரில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன். என்ன ஆச்சு என்று குமரன் கேட்டதற்கு, வெயில் என்று என் கணவரிடமே பொய் சொன்னேன்.

ஆகஸ்ட் 22 – வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் கோயிலுக்குப் போய்விட்டு நேராக வகுப்பு. இரண்டாம் வருடப் பிள்ளைகளுக்கு ஹெட்பேண்டைக் காட்டுவதாகச் சொல்லியிருந்தேன். அவசரத்தில் அப்படியே கட்டிக்கொண்டேன். திரையில் தீட்டா ஏறுகிறது, ஏறுகிறது, இறங்கவே இல்லை. முன்வரிசையில் ஒரு பெண், "மேடம் தூங்கிட்டே கிளாஸ் எடுக்கறாங்க" என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

சிரித்துக்கொண்டே நாடாவைச் சரிசெய்யக் கையைக் கொண்டுபோனேன். விரலில் திருநீறு ஒட்டியது.

அதற்குப் பிறகு என்ன பாடம் எடுத்தேன் என்று ஞாபகமில்லை.

ஆகஸ்ட் 23 – சனி

லேபில் தனியாகச் செய்து பார்த்தேன். துடைத்துவிட்டுக் கட்டினால் ஒழுங்கான பீட்டா. மூன்று விரல் திருநீறு இட்டுக் கட்டினால் புள்ளிகள் ஆரஞ்சு, தீட்டா மூன்று மடங்கு. பத்து முறை மாற்றி மாற்றிச் செய்தேன். பத்துமே அப்படித்தான். காய்ந்த சாம்பல் மின்முனையைத் தோலில் ஒட்டவிடுவதில்லை. தலை துளி அசைந்தாலும் அது நழுவி அதிர்கிறது, கோடு விநாடிக்கு ஐந்தாறு முறை ஏறி இறங்குகிறது. அந்த வேகத்தில் ஏறி இறங்குவதெல்லாம் ஆப்புக்குத் தீட்டாதான். அவருடைய மூளை தூங்கவே இல்லை. என் மின்முனை சறுக்கியது.

முறுக்குத் தின்றபோது தெரிந்தது அன்றைக்கு ஏன் தோன்றவில்லை?

தோன்றியது. அதுதான் விஷயம். ஆரஞ்சு என் கண்ணில் பட்டது. அவரே அழிக்கட்டுமா என்று கேட்டார். சாமி காரியம் என்று வாயை மூடிக்கொண்டவள், "தூக்க அலை" என்று சொல்லும்போதும் மூடிக்கொண்டிருந்திருக்கலாமே. அங்கே மட்டும் எங்கிருந்து வந்தது அந்தத் துணிச்சல்? மரியாதை என்று சொல்லிக்கொள்கிறேன். பாதிதான் மரியாதை. மீதிப் பாதி, அந்தக் கோடு நிமிர்ந்து நின்றது எனக்குப் பிடித்திருந்தது. சீ.

குமரனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்கண்ணங்கிட்டச் சொல்லிட்டியா?" என்றார்.

ஆகஸ்ட் 25 – திங்கள்

சொல்லவில்லை.

ஆகஸ்ட் 28 – வியாழன்

அண்ணனே போன் செய்தார், அத்தை வீட்டு வளைகாப்பு விஷயமாக. இருபது நிமிடம் பேசினோம். சொல்லவில்லை. பிள்ளையார் சதுர்த்திக் கொழுக்கட்டையைப் பற்றிக்கூடப் பேசினேன்!

செப்டம்பர் 2 – செவ்வாய்

கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். துறைத் தலைவர் எல்லோருக்கும் லட்டு வாங்கித் தந்தார். என்னுடையதை டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து குப்பையில் கொட்டினேன். "சொல்லிட்டியா?" என்று மட்டும்தான் குமரன் தினமும் கேட்கிறார். இன்று அவர்மேல் எரிந்து விழுந்தேன். அவர் போய்த் துணி மடித்தார்.

செப்டம்பர் 6 – சனி

சொல்லிவிட்டேன். அண்ணனின் ஆபீஸ் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு.

அண்ணன் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"திருநூறாலயா?"

"ஆமாங்கண்ணா. என்ற தப்புதான். துடைக்கச் சொல்லியிருக்கோணும்."

"செரி, மிஷினு தப்புன்னே வெச்சுக்குவோம். நாளைக்கு அந்த மனுசன் ஒருக்கா கண்ணசந்தாருன்னா? 'உன்ற தங்கச்சி சொல்லியும் வண்டியக் குடுத்தியேடா'ன்னு ஊரே கேக்கும். நீ சொன்னத எப்பிடிக் காதுல உழுகாத மாதிரி பண்றது, சொல்லு." பிறகு சொன்னார்: "இன்னொண்ணு பாப்பா. போன மாசம் டிரைவர் பத்தலைன்னு, பகல் நேரந்தான, சேலத்துக்கு ஒரு நடை போய்ட்டு வாங்கன்னு நானே சாவிய நீட்டுனேன். அவருதான் வாங்க மாட்டேன்னுட்டாரு."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. அண்ணனைச் சமாதானப்படுத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

செப்டம்பர் 7 – ஞாயிறு

புதன்சந்தையில் சென்னிமலை அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் வெளியே போயிருந்தார். அவர் மனைவி பழனியம்மாள் அக்கா மோர் கொடுத்துவிட்டு, கேட்காமலே சொல்ல ஆரம்பித்தார்.

"மொபெட்டக்கூட எடுக்கறதில்லீங்க. எங்க போனாலும் நடைதான். பேத்தியத் தூக்கவே பயப்படறாருங்க, தூக்கிட்டு நிக்கயில கண்ணசந்துட்டா என்னாவறதுன்னு. முப்பது வருசம் வடநாடெல்லாம் வண்டியோட்டுன மனுசனுங்க." என்னைக் குறை சொல்லவில்லை. மிஷின் அவருடைய உயிரைக் காப்பாற்றியதாகவே அந்த அக்கா நினைத்துக்கொண்டிருக்கிறது. மோர் டம்ளரைக் கீழே வைத்தேன்.

அவர் வந்தார். வெயிலில் நடந்து வந்த முகம். வைத்துக்கொண்டிருக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். ஆரஞ்சுப் புள்ளி, திருநீறு, நான் லேபில் பார்த்தது, கட்டுரையில் எழுதிய பொய் வரி – எல்லாம். இடையில் அழுகை வந்துவிட்டது. ஆசிரியை வேலையில் இருக்கிற மகராணி, பழனியம்மாள் அக்காவின் முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

அவர் எதிரே உட்கார்ந்தார். பிறகு, "அன்னைக்கே நாங் கேட்டனுங்களே சாமி" என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"நெத்தியத் தொடச்சுட்டு இப்பவே மறுபடி பாத்தர்லாங்கண்ணா, மிஷினு பையிலதான் இருக்குது" என்றேன். மறுத்துத் தலையாட்டினார்.

"வேண்டாஞ்சாமி. அன்னைக்கு அது சொன்னத நம்புனேன். இன்னைக்கு வேறயொண்ணு சொன்னா அதையும் நம்போணும். எதையின்னு நம்பறது? முன்னெல்லாம் தூக்கம் வந்தா எனக்குத் தெரியும், வண்டிய ஓரங்கட்டிப் படுத்துக்குவேன். இப்ப அது வருதா வரலையான்னே எனக்குத் தெரியறதில்லீங்க."

நான் அவரிடமிருந்து பறித்தது வேலையை மட்டும் என்று நினைத்திருந்தேன். அந்த மனிதர் விழித்திருப்பது அவருக்கே தெரிந்துகொண்டிருந்தது. அதைப் பறித்திருக்கிறேன்.

செப்டம்பர் 9 – செவ்வாய்

கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக எழுதிவிட்டேன். துறைத் தலைவருக்குக் கோபத்தில் காது சிவந்துவிட்டது. "யாருக்கும்மா தெரியப்போகுது? அந்த ஒரு ஆளை மட்டும் எடுத்துட்டு நாலு பேர வெச்சு அனுப்பு." அந்த ஒரு ஆளுக்குத் தெரியும் சார் என்றேன். பதவி உயர்வு இந்த வருடமும் இல்லை. அதில் வருத்தம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. நிம்மதியும் வரவில்லை. கட்டுரை போனதால் அவர் மொபெட்டை எடுத்துவிடப் போகிறாரா?

செப்டம்பர் 14 – ஞாயிறு

ஷெட்டில் டிரைவர்கள் எல்லோரும் இருக்கும் நேரம் பார்த்துப் போனேன். அண்ணனையும் நிற்க வைத்துக்கொண்டு, என் நெற்றியில் திருநீறு இட்டுக் கட்டிக் காட்டினேன். பிறகு துடைத்துவிட்டுக் காட்டினேன். "சென்னிமலை அண்ணனுக்கு ஒரு குறையுமில்ல. தப்பாப் பாத்தது நான், தெரிஞ்சும் பேசாம இருந்தது நான்" என்றேன். படித்தவள் நான்குபேர் முன்னால் தலைகுனிந்து நிற்பது எப்படியிருக்கும் என்று இதுவரை தெரியாது. இன்று தெரிந்தது.

இளவட்ட டிரைவர் ஒருவர், "அப்ப எங்களுக்குச் சொன்னதும் பொய்யாத்தானுங்க இருக்கும்?" என்றார். கேட்க வேண்டிய கேள்விதான். உங்கள் நெற்றியைத் துடைத்துத்தான் கட்டினேன், ஆனாலும் பத்து நிமிடக் கோட்டை வைத்து ஒரு மனிதரைத் தூங்குகிறவர் என்றோ விழித்திருக்கிறவர் என்றோ சொல்ல எனக்கு உரிமையில்லை என்றேன். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சென்னிமலை அண்ணன் கடைசிவரை நின்று கேட்டார். பிறகு தார்ப்பாய் மடிக்கப் போய்விட்டார்.

செப்டம்பர் 23 – செவ்வாய்

அண்ணன் போன் செய்தார். "பாப்பா, சனிக்கிழம சேலத்துக்குத் தீவன லோடு போகுது. பகல் நடைதான். சென்னிமலை அண்ணன் எடுக்கறேன்னுட்டாரு."

அப்படியா என்று கத்திவிட்டேன்.

"இரு, இரு. ஒரு கண்டிசன் போட்டிருக்கறாரு. பக்கத்துச் சீட்டுல டீச்சரம்மா உக்காரோணுமாம்."

செப்டம்பர் 27 – சனி

காலை பத்து மணிக்கு நாமக்கல்லில் கிளம்பினோம். ஹெட்பேண்டு கொண்டுபோகவில்லை. அவரும் கேட்கவில்லை.

ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு இரண்டு நிமிடம் எஞ்சினை ஓடவிட்டார். பிறகு எடுத்தார். நாற்பதுக்கு மேல் போகவே இல்லை. பின்னால் வந்த பஸ்ஸெல்லாம் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டு தாண்டியது.

புதன்சந்தை வருவதற்கு முன், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: "சாமி, நா முழிச்சுட்டுத்தான இருக்கறேன்?"

"ஆமாங்கண்ணா."

புதுச்சத்திரத்தில் கேட்டார். "ஆமாங்கண்ணா, முழிச்சுட்டுத்தான் இருக்கறீங்க." ஆண்டகளூர் கேட் தாண்டுவதற்குள் இன்னும் மூன்று முறை. ஒவ்வொரு முறையும் அவர் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னேன். பார்க்காமல் சொல்லக் கூடாது என்று எனக்கு நானே வைத்துக்கொண்டேன். வெளியில் என்ன இருந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. மல்லூர் மேட்டில் முன்னே போன டெம்போ சட்டென்று நின்றபோது, நான் கத்துவதற்கு முன்பே அவர் கால் பிரேக்கில் இருந்தது. அதை அவரிடம் சொன்னேன். "அப்பிடீங்களா?" என்றார், வேறு யாரையோ பற்றிக் கேட்பதுபோல.

சேலத்தில் லோடு இறக்கி, டீ குடித்துவிட்டுத் திரும்பினோம். புதன்சந்தையில் தம் வீட்டு வாசலில் பழனியம்மாள் அக்கா நின்றிருந்தார். வண்டியை ஓரங்கட்டாமலே இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டுத் தாண்டினோம்.

எண்ணிக்கொண்டுதான் வந்தேன். போகும்போது பதினோரு முறை கேட்டார், வரும்போது ஏழு. அடுத்த சனிக்கிழமையும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.